தரவுத்தள அட்டவணையை உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்தல்

தரவுத்தள அட்டவணை ஏற்றுமதி என்பது, ஒரு தரவுத்தள மென்பொருளுக்குள் அட்டவணையாகச் சேமிக்கப்பட்டுள்ள பதிவுகளை, ஒரு நிரலின் மூலமோ கட்டளையின் மூலமோ படித்து, எந்தக் கணினியிலும் திறக்கத்தக்க எளிய உரைக் கோப்பாக எழுதும் செயல் ஆகும். ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை மாற்றுதல், காப்புநகல் எடுத்தல், ஆய்வாளர்களுக்குத் தரவை வழங்குதல், பழைய மென்பொருள் கைவிடப்பட்ட பின்னும் தரவைப் பாதுகாத்தல் ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் படியெடுத்தல் போலத் தோன்றும். உண்மையில் தரவுத்தளம் ஒவ்வொரு மதிப்பைப் பற்றியும் அறிந்து வைத்திருக்கும் பல செய்திகள் உரைக் கோப்பில் இடம்பெறுவதில்லை. ஒரு மதிப்பு எண்ணா உரையா, நிரப்பப்படாததா வெறுமையானதா, எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்பன அத்தகையவை. நிரல் இவற்றை வெளிப்படையாக எழுதி வைக்காவிடில் அவை சத்தமின்றி அழிந்துவிடும். ஆகவே, ஏற்றுமதி செய்த கோப்பை வேறொரு தரவுத்தளத்தில் மீண்டும் ஏற்றும்போது அதே அட்டவணை கிடைக்கின்றதா என்பதே அதன் சரித்தன்மைக்கு அளவுகோலாகும்.

பின்னணி

தரவை வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கும் உறவுசார் மாதிரியை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970 இல் முன்வைத்தார். இன்று பரவலாக உள்ள மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல், ஆரக்கிள், எஸ்கியூலைட் முதலிய மென்பொருள்கள் இம்மாதிரியைப் பின்பற்றுகின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றும் தரவை வட்டில் தமக்கே உரிய இருமக் கோப்பு வடிவில் சேமிக்கின்றன. ஒன்றின் கோப்பை மற்றொன்று நேரடியாகப் படிக்க இயலாது. எனவே இரண்டுக்கும் பொதுவான ஓர் இடைவடிவம் தேவைப்படுகிறது. எளிய உரையே அதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட மதிப்புகளைப் படிக்கும் வசதி 1972 ஆம் ஆண்டிலேயே ஐபிஎம் நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் மொழிமாற்றியில் இருந்தது.

எடுத்துக்காட்டு: கள்ளக்குறிச்சி மாவட்டம்

கோட்பாட்டை விளக்க, தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட்டங்களைக் கொண்ட ஒரு சிறிய அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். இம்மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டமும் இதில் அடங்கும். மலையாளி என்னும் பழங்குடியினர் இம்மலையில் பெரும்பான்மையாக வாழ்கின்றனர்.

ஒரு மாவட்டம் இரண்டாகப் பிரியும்போது நிலம், குடும்ப அட்டை, வாக்காளர், பள்ளி, மருத்துவமனை தொடர்பான ஒவ்வொரு பட்டியலிலும் எந்தப் பதிவு எந்த மாவட்டத்துக்கு உரியது என்பதைக் குறிக்க வேண்டியுள்ளது. இத்தகைய பணிகளில் தரவை ஏற்றுமதி செய்து, திருத்தி, மீண்டும் ஏற்றுவது வழக்கமான முறையாகும். அப்போது விடுபடும் ஒரு வரி கணினிக்கு ஒரு வரி மட்டுமே. மலைக் குக்கிராமம் ஒன்றில் வாழும் குடும்பத்துக்கோ அது பட்டியலில் தன் பெயர் இல்லாமற் போவதாகும்.

எடுத்துக்காட்டு அட்டவணையில் எண், வட்டம், தலைமையிடம், தொலைபேசிக் குறியீடு, குறிப்பு ஆகிய ஐந்து புலங்கள் உள்ளன. முதற் புலத்தில் உள்ள எண்கள் இக்கட்டுரைக்காக இடப்பட்டவை. அரசின் குறியீட்டு எண்கள் அல்ல. மாவட்டத்தின் நான்கு வட்டங்கள் மட்டும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன. இவ்வட்டவணையைச் சரியாக ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் உரைக் கோப்பு பின்வருமாறு அமையும்:

எண்,வட்டம்,தலைமையிடம்,தொலைபேசிக் குறியீடு,குறிப்பு
01,கள்ளக்குறிச்சி,கள்ளக்குறிச்சி,04151,மாவட்டத் தலைநகர்
02,உளுந்தூர்ப்பேட்டை,உளுந்தூர்ப்பேட்டை,04149,""
03,திருக்கோவிலூர்,திருக்கோவிலூர்,04153,"தென்பெண்ணை ஆற்றங்கரை, உலகளந்த பெருமாள் கோயில்"
04,கல்வராயன்மலை,வெள்ளிமலை,,"வெள்ளிமலை, சேராப்பட்டு, கரியாலூர்"

நான்காம் பதிவின் தொலைபேசிக் குறியீடு விளக்கத்துக்காக நிரப்பப்படாமல் விடப்பட்டுள்ளது. இரண்டாம் பதிவின் குறிப்பில் இரண்டு மேற்கோள்குறிகள் மட்டும் இருப்பதன் காரணம் கீழே விளக்கப்படும்.

உரைக் கோப்பின் வகைகள்

அட்டவணையை எழுதப் பயன்படும் உரைக் கோப்புகள் மூன்று முதன்மையான வகைகளாகும்.

முதல் வகை, மேலே காட்டப்பட்டுள்ளவாறு புலங்களைக் காற்புள்ளியால் பிரிப்பது. இதற்கு நீண்டகாலம் எழுதப்பட்ட வரையறை எதுவும் இருக்கவில்லை. 2005 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 4180 என்னும் இணைய ஆவணம், நடைமுறையில் இருந்த வழக்கங்களைத் தொகுத்துரைத்தது. அதன்படி, காற்புள்ளியையோ மேற்கோள்குறியையோ வரிமுறிவையோ உள்ளடக்கிய புலம் இரட்டை மேற்கோள்குறிகளுக்குள் இடப்பட வேண்டும். புலத்தின் உள்ளேயே மேற்கோள்குறி வந்தால் அதை இருமுறை எழுத வேண்டும்.

இரண்டாம் வகை, புலங்களைத் தத்தற்குறியால் பிரிப்பது. தத்தற்குறி என்பது விசைப்பலகையின் தத்தல் விசையால் உள்ளிடப்படும் இடைவெளிக் குறியாகும். முகவரிகளிலும் குறிப்புகளிலும் காற்புள்ளி மிகுதியாக வரும். தத்தற்குறி அரிதாகவே வரும். எனவே இவ்வகையில் மேற்கோள்குறிகளின் தேவை குறைகிறது.

மூன்றாம் வகை, ஒவ்வொரு புலத்துக்கும் நிலையான அகலத்தை ஒதுக்குவது. பழைய பெருங்கணினிகளோடு தொடர்புடைய அமைப்புகளில் இது இன்றும் காணப்படுகிறது. தமிழ்த் தரவுக்கு இவ்வகை இடர் மிகுந்தது. காரணம் தமிழ் எழுத்துகள் பற்றிய பகுதியில் கூறப்பட்டுள்ளது.

ஏற்றுமதி செய்யும் வழிகள்

பெரும்பாலான தரவுத்தள மென்பொருள்களில் ஏற்றுமதிக்கென்றே கட்டளைகள் உள்ளன.

மைஎஸ்கியூஎல் மென்பொருளில் தெரிவுக் கட்டளையுடன் ‘இன்ட்டு அவுட்ஃபைல்’ என்னும் தொடரைச் சேர்த்தால் விடை கோப்பில் எழுதப்படும். அக்கோப்பு பயனரின் கணினியில் அன்றி, தரவுத்தளம் இயங்கும் வழங்கியிலேயே உருவாகும். இதற்குக் கோப்பு எழுதும் தனி உரிமை தேவை. அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் கட்டளை அதன்மேல் எழுத மறுத்துவிடும். கோப்பைத் தன் கணினியில் தேடிக் காணாமல் திகைப்பது புதிய பயனர்களிடையே பொதுவாகக் காணப்படுவது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளில் ‘காப்பி’ என்னும் கட்டளை இப்பணியைச் செய்கிறது. இதுவும் வழங்கியிலேயே எழுதும். ஆனால் பின்சாய்கோட்டுடன் தொடங்கும் இதன் இன்னொரு வடிவம், பயனரின் கணினியிலேயே கோப்பை உருவாக்கும். எஸ்கியூலைட்டின் கட்டளைக் கருவியில் வெளியீட்டு வடிவத்தையும் கோப்பின் பெயரையும் இரண்டு சிறு கட்டளைகளால் குறிப்பிடலாம். ஆரக்கிளில் ‘ஸ்பூல்’ கட்டளையும், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் ‘பிசிபி’ என்னும் கருவியும் பயன்படுகின்றன.

தரவை எழுதுமுன் வடிவம் மாற்றவோ, பழைய குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்குக் கொண்டுவரவோ, சில புலங்களை மறைக்கவோ வேண்டியிருந்தால் தனி நிரல் எழுதுவதே ஏற்றது.

நிரலின் படிமுறை

கீழே உள்ளது எந்த நிரல்மொழியையும் சாராத போலிக் குறிமுறை ஆகும். இதனைப் பைத்தான், ஜாவா, பெர்ல், பி.எச்.பி. போன்ற எம்மொழியிலும் எழுதலாம்.

1. தரவுத்தளத்துடன் இணை; இணைப்பின் குறியேற்றம் = யூ.டி.எஃப்-8
2. படிப்பதற்கு மட்டுமான பரிமாற்றத்தைத் தொடங்கு. தரவின் ஒரே நிலையைக் காட்டு
3. எதிர்பார்ப்பு = ‘வட்டம்’ அட்டவணையில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கை
4. சுட்டி = வினவல்: எண், வட்டம், தலைமையிடம், தொலைபேசிக் குறியீடு, குறிப்பு; எண்ணின் வரிசையில்
5. கோப்பு = ‘வட்டங்கள்-தற்காலிகம்’ என்பதை எழுதுவதற்குத் திற
6. கோப்பில் தலைப்பு வரியை எழுது
7. எழுதியவை = 0
8. சுட்டியில் பதிவுகள் உள்ளவரை:
9. — தொகுதி = அடுத்த 1000 பதிவுகள்
10. — தொகுதியின் ஒவ்வொரு பதிவுக்கும்:
11. — — வரி = ‘புலத்தை வடிவமை’ செயலின் விடைகளைக் காற்புள்ளியால் இணை
12. — — கோப்பில் வரியையும் வரிமுடிவையும் எழுது
13. — — எழுதியவை = எழுதியவை + 1
14. கோப்பை மூடு, பரிமாற்றத்தை முடி
15. எழுதியவையும் எதிர்பார்ப்பும் வேறுபட்டால்: பிழையை அறிவித்து நிறுத்து
16. கோப்பின் பெயரை ‘வட்டங்கள்’ என மாற்று

செயல்: புலத்தை வடிவமை (மதிப்பு)
அ. மதிப்பு நிரப்பப்படாதது எனில்: எதையும் எழுதாதே
ஆ. மதிப்பு நாள் எனில்: ஆண்டு-மாதம்-நாள் என எழுது
இ. மதிப்பு நீளமற்ற உரை எனில்: இரண்டு மேற்கோள்குறிகளை எழுது
ஈ. உரையில் காற்புள்ளி, மேற்கோள்குறி, வரிமுறிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தால்: உள்ளிருக்கும் மேற்கோள்குறிகளை இரட்டித்து, உரையின் இருபுறமும் மேற்கோள்குறி இடு
உ. மற்றவை: உள்ளவாறே எழுது

நான்காம் படியில் புலங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறிப்பிடப்பட்டுள்ளன. அனைத்துப் புலங்களையும் குறிக்கும் உடுக்குறியைப் பயன்படுத்தினால், பின்னாளில் யாரேனும் அட்டவணையில் ஒரு புலத்தைச் சேர்க்கும்போது கோப்பின் அமைப்பும் முன்னறிவிப்பின்றி மாறிவிடும். வரிசை முறையையும் வெளிப்படையாகக் கூற வேண்டும். அவ்வாறு கூறாவிடில் பதிவுகளை எந்த ஒழுங்கிலும் தரும் உரிமை தரவுத்தளத்துக்கு உண்டு. நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் ஒப்பிடுவது அரிதாகிவிடும்.

ஒன்பதாம் படியில் பதிவுகள் ஆயிரம் ஆயிரமாகப் பெறப்படுகின்றன. சில வட்டங்களைக் கொண்ட அட்டவணைக்கு இது தேவையற்றது. ஆனால் ஒரு மாவட்டத்தின் நிலப் பதிவுகளைப் போன்ற பெரிய அட்டவணையை ஒரே முறையில் நினைவகத்துக்குக் கொண்டுவர முயன்றால் நிரல் நின்றுபோகக்கூடும். மைஎஸ்கியூஎல்லின் இணைப்பு நூலகங்களிற் பல, வினவலின் முழு விடையையும் முதலிலேயே பயனரின் கணினிக்குக் கொண்டுவந்துவிடும் இயல்பின. அவற்றில் இடையகமற்ற சுட்டியைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாம் படி, ஏற்றுமதி நடக்கும்போதே பிறர் தரவைத் திருத்திக்கொண்டிருக்கும் நிலைக்காக இடப்பட்டது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் இயல்புநிலையில் ஒரு பரிமாற்றத்தின் ஒவ்வொரு கட்டளையும், தான் தொடங்கிய நேரத்துத் தரவையே காணும். அதனால் மூன்றாம் படியில் எண்ணியதும் நான்காம் படியில் பெற்றதும் வேறுபடலாம். ‘மீளப் படிக்கத்தக்க’ என்னும் தனிமைநிலையைத் தேர்ந்தால் பரிமாற்றம் முழுவதற்கும் ஒரே நிலை கிடைக்கும்.

தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றுவதற்கும் காரணம் உண்டு. மின்தடையாலோ பிழையாலோ நிரல் பாதியில் நின்றால், பாதிக் கோப்பு முழுக் கோப்பின் பெயரில் இராது. பாதிக் கோப்பைத் திறந்து பார்த்தால் பிழை எதுவும் தென்படாது என்பதே அதன் இடர். அது ஒழுங்கான கோப்பைப் போன்றே தோற்றமளிக்கும். பதிவுகள் மட்டும் குறைந்திருக்கும்.

மதிப்புகள் இழக்கப்படும் இடங்கள்

நிரப்பப்படாத மதிப்பும் வெற்றுரையும்: தரவுத்தளத்தில் ‘நல்’ எனப்படும் இன்மை மதிப்பு, அத்தகவல் அறியப்படவில்லை அல்லது பொருந்தாது என்பதைக் குறிக்கும். நீளமற்ற வெற்றுரையோ, தகவல் உண்டு, அது வெறுமையானது என்பதைக் குறிக்கும். எடுத்துக்காட்டில் கல்வராயன்மலையின் தொலைபேசிக் குறியீடு முதல் வகை. உளுந்தூர்ப்பேட்டையின் குறிப்பு இரண்டாம் வகை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் காற்புள்ளிக் கோப்பில் முன்னதை எதுவுமின்றியும் பின்னதை இரண்டு மேற்கோள்குறிகளாகவும் எழுதி வேறுபடுத்துகிறது. மைஎஸ்கியூஎல் இன்மை மதிப்பை, பின்சாய்கோட்டையும் அதையடுத்து ‘என்’ என்னும் இலத்தீன் பேரெழுத்தையும் கொண்டு குறிக்கிறது. பைத்தானுடன் வரும் காற்புள்ளிக் கோப்பு நூலகம், இயல்புநிலையில் பொதுவாக இரண்டையும் ஒன்றுபோலவே எழுதிவிடுகிறது. 2023 இல் வெளியான பைத்தான் 3.12 பதிப்பில் இவற்றை வேறுபடுத்தும் தெரிவுகள் சேர்க்கப்பட்டன.

முன்சுழியம்: கள்ளக்குறிச்சியின் தொலைபேசிக் குறியீடு 04151 ஆகும். இதை எண் எனக் கருதும் மென்பொருள் 4151 என்றே காட்டும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 2001 ஆம் ஆண்டுத் தரவில் மாவட்டக் குறியீடுகள் இரண்டு இலக்கங்களால் ஆனவை. விழுப்புரத்தின் குறியீடு 07. சேலத்தின் குறியீடு 08. சுழியத்தை இழந்த 7 என்பது 07 உடன் பொருந்தாததால், இரு கோப்புகளை இணைக்கும்போது மாவட்டம் முழுவதும் விடுபடக்கூடும். உரைக் கோப்பில் சுழியம் சரியாக இருந்தாலும், விரிதாள் மென்பொருளில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமித்தாலே அது நீங்கிவிடும். கூட்டவோ பெருக்கவோ தேவைப்படாத எண் எண்ணன்று, உரையே எனக் கொள்வது பாதுகாப்பானது.

நாள்: 05-06-2019 என்பது இந்திய வழக்கில் சூன் 5, அமெரிக்க வழக்கில் மே 6. ஐ.எஸ்.ஓ. 8601 தரத்தின்படி ஆண்டை முதலில் எழுதினால் இக்குழப்பம் எழாது. கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கிய நாள் இம்முறையில் 2019-11-26 என எழுதப்படும்.

வரிமுறிவு: குறிப்புப் புலத்தில் பயனர் இரண்டு வரிகளில் தட்டச்சிட்டிருந்தால் ஒரு பதிவு கோப்பில் இரண்டு வரிகளை அடைத்துக்கொள்ளும். ஆகவே கோப்பின் வரிகளை எண்ணிப் பதிவுகளின் எண்ணிக்கை என முடிவு செய்வது தவறாகும்.

தமிழ் எழுத்துகளும் குறியேற்றமும்

தமிழ்த் தரவை ஏற்றுமதி செய்கையில் எழும் சிக்கல்களிற் பெரும்பாலானவை குறியேற்றம் சார்ந்தவை.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991 இல் வெளியான முதற் பதிப்பிலிருந்தே இடம் உண்டு. அதில் உயிர்மெய் எழுத்துகளிற் பெரும்பாலானவை, அகர மெய்யும் அதைத் தொடரும் குறியுமாக இரண்டு குறியிடங்களால் எழுதப்படுகின்றன. யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தில் இவ்வகைக் குறியிடம் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ‘கள்ளக்குறிச்சி’ என்னும் சொல்லைக் கொண்டு இதனை அளந்து பார்க்கலாம். தமிழ் இலக்கணப்படி அதில் உள்ள எழுத்துகள் 8. ஒருங்குறிக் குறியிடங்கள் 14. யூ.டி.எஃப்-8 பைட்டுகள் 42. நிலையான அகலக் கோப்பில் இப்பெயருக்கு 40 பைட்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தால், இறுதி இகரக் குறியின் மூன்று பைட்டுகளில் ஒன்று மட்டும் எஞ்சி, பெயர் சிதைந்த குறியுடன் முடியும். மாவட்டத் தலைநகரின் பெயரே பொருந்தாத அகலம் மற்ற ஊர்ப் பெயர்களையும் வெட்டும் என்பதில் ஐயமில்லை.

எழுதும் குறியேற்றமும் படிக்கும் குறியேற்றமும் வேறுபட்டாலும் சிதைவு நேரும். ‘க’ என்னும் எழுத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 149 ஆகும். விண்டோசின் மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தில் இவை முறையே மேற்குறியிட்ட ஓர் இலத்தீன் எழுத்தையும், பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னக் குறியையும், ஒரு கரும்புள்ளியையும் காட்டும். இக்குறிகள் திரும்பத் திரும்ப வரும் கோப்பைக் கண்டால் தரவு அழியவில்லை, தவறாகப் படிக்கப்பட்டுள்ளது என உணரலாம். மாறாக, எழுத்துகள் அனைத்தும் வினாக்குறிகளாக மாறியிருந்தால் அக்கோப்பிலிருந்து தரவை மீட்க இயலாது. எழுதும்போதே தமிழை ஏற்காத குறியேற்றம் பயன்படுத்தப்பட்டுவிட்டது என்பதே அதன் பொருள். ஏற்றுமதியை மீண்டும் செய்ய வேண்டும். முதற்படியில் இணைப்பின் குறியேற்றத்தைக் குறிப்பிடுவது இதனைத் தவிர்ப்பதற்கே.

ஒருங்குறி பரவுவதற்கு முன் உள்ளிடப்பட்ட தரவு இன்னொரு வகைச் சிக்கலைத் தருகிறது. திஸ்கி, தமிழ்நாடு அரசு 1999 இல் ஏற்ற தாம், தாப் ஆகிய குறியேற்றங்களும், பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களின் தனிக் குறியேற்றங்களும் பரவலாகப் பயன்பட்டன. 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துருக் குறியேற்றத்தையும் தரங்களாக அறிவித்தது. பழைய எழுத்துருக் குறியேற்றங்களில் தமிழ் வடிவங்கள் இலத்தீன் எழுத்துகளின் இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே.

பாமினியில் ‘இ’ என்னும் எழுத்து காற்புள்ளியின் இடத்திலும், மெய்யெழுத்தின் மேற்புள்ளி அரைப்புள்ளியின் இடத்திலும் உள்ளன. கல்வராயன் மலையில் உள்ள இன்னாடு என்னும் ஊரின் பெயர் பாமினியில் சேமிக்கப்பட்டிருந்தால் அது காற்புள்ளியில் தொடங்கும். மேற்கோள்குறிகள் இடாமல் காற்புள்ளிக் கோப்பாக எழுதினால், அந்த ஒரு பதிவில் மட்டும் புலம் ஒன்று கூடி, பின்வரும் மதிப்புகள் அனைத்தும் ஓர் இடம் தள்ளிச் செல்லும். அரைப்புள்ளியைப் பிரிகுறியாக்கினால் மெய்யெழுத்து வரும் ஒவ்வோர் இடத்திலும் இது நிகழும். எனவே இத்தகைய தரவை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே வடிவமைத்து எழுத வேண்டும்.

ஒருங்குறியிலும் ஒரே எழுத்தை இருவகையாக எழுத இயலும். கல்வராயன் மலையில் தோன்றும் ஆற்றின் பெயரான ‘கோமுகி’ என்பதன் முதலெழுத்தை, ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றை மட்டும் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஒப்பிடும் நிரலுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். ஏற்றுமதிக்கு முன் ‘என்.எஃப்.சி.’ என்னும் இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றினால் இவ்வேறுபாடு நீங்கும்.

வரிசைப்படுத்தலும் கவனத்துக்குரியது. ஒருங்குறி எண்களின்படி வரிசைப்படுத்தினால் னகரம் நகரத்தை அடுத்தும், வகரம் ளகர ழகரங்களுக்குப் பின்னும் வரும். இது தமிழ் நெடுங்கணக்கு வரிசையன்று. தமிழுக்குரிய ஒப்பீட்டு விதியைத் தரவுத்தளத்தில் தேர்ந்தால் சரியான வரிசை கிடைக்கும்.

பழைய நிலப் பதிவுகளை எண்மமாக்குவோருக்கு மேலும் ஒரு செய்தி பயன்படும். மா, காணி, முந்திரி முதலிய பின்னங்களுக்கும் அளவைகளுக்கும் உரிய தமிழ்க் குறிகள், 2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில் தமிழ்ப் பிற்சேர்க்கை என்னும் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. இவற்றுக்கு யூ.டி.எஃப்-8 இல் நான்கு பைட்டுகள் தேவை. மைஎஸ்கியூஎல்லின் பழைய மூன்று பைட்டுக் குறியேற்றம் இவற்றை ஏற்காது. நான்கு பைட்டு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயரும் குறியீட்டு எண்ணும்

ஏற்றுமதிக் கோப்பில் ஊர்களைப் பெயரால் மட்டும் குறிப்பது போதாது. கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் பரவியுள்ளது. ‘கல்வராயன்’, ‘கல்ராயன்’ ஆகிய இரு வடிவங்களும் எழுத்து வழக்கில் உள்ளன. ஒரு கோப்பில் ஒரு வடிவமும் மற்றொன்றில் வேறு வடிவமும் இருந்தால் நிரல் அவற்றை இணைக்காது.

மாவட்டத்தின் பெயரும் நிலையானதன்று. 1991 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது வெள்ளிமலை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் மாவட்டம் உருவானதால் 2001, 2011 கணக்கெடுப்புகளில் அது விழுப்புரத்தின்கீழ் வருகிறது. 2019 முதல் கள்ளக்குறிச்சியின்கீழ் உள்ளது. ஊர் இடம்பெயரவில்லை; அதன் மேற்புலம் மட்டும் இருமுறை மாறியுள்ளது. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலைப்பகுதியைப் பற்றிய பதிவுகளை ஆண்டுவாரியாக ஒப்பிட முனைவோருக்கு இம்மாற்றங்கள் முதன்மையானவை.

இதற்காகவே கணக்கெடுப்புத் துறை ஊர்களுக்குக் குறியீட்டு எண் வழங்குகிறது. 2011 கணக்கெடுப்பில் ஊர்களுக்கு ஆறு இலக்கக் குறியீடும் மாவட்டங்களுக்கு மூன்று இலக்கக் குறியீடும் அளிக்கப்பட்டன. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் குறியீடு 607 ஆகும். ஏற்றுமதிக் கோப்பில் பெயருடன் குறியீட்டு எண்ணையும், அவ்வெண் எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் சேர்த்து எழுதினால் பின்னாளில் கோப்பைப் பெறுபவர் அதனைச் சரியாகப் பொருத்த இயலும்.

பாதுகாப்பும் தனியுரிமையும்

தரவுத்தளத்தில் யார் எதைப் பார்க்கலாம் என்னும் கட்டுப்பாடு உண்டு. உரைக் கோப்பில் அது இல்லை. கோப்பைப் பெற்ற எவரும் முழுவதையும் படிக்கலாம், படியெடுக்கலாம். ஆகவே ஆதார் எண், கைபேசி எண் போன்றவற்றைத் தேவையின்றி ஏற்றுமதி செய்யலாகாது. இந்தியாவில் 2023 இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தரவைக் கையாள்வது பற்றியது. சில நூறு பேரே வாழும் ஒரு மலையூரின் பட்டியலில் பெயரை நீக்கினாலும், வயதும் தொழிலும் சேர்ந்தால் ஆளை அடையாளம் காண முடியும் என்பதையும் கருத வேண்டும்.

சமக்குறி, கூட்டற்குறி, கழித்தற்குறி அல்லது ‘அட்’ குறியில் தொடங்கும் புலத்தை விரிதாள் மென்பொருள்கள் வாய்பாடாகக் கருதி இயக்கக்கூடும். பொதுமக்கள் உள்ளிட்ட உரையை ஏற்றுமதி செய்யும்போது இத்தகைய புலங்களைச் சோதிப்பது நன்று.

சரிபார்த்தல்

ஏற்றுமதி முடிந்தபின் கோப்பை விரிதாளில் திறந்து பார்ப்பது மட்டும் சரிபார்ப்பு ஆகாது. கோப்பை வெற்று அட்டவணை ஒன்றில் மீண்டும் ஏற்றி, மூல அட்டவணையுடன் பின்வருவனவற்றை ஒப்பிட வேண்டும்:

* பதிவுகளின் மொத்த எண்ணிக்கை
* ஒவ்வொரு புலத்திலும் உள்ள இன்மை மதிப்புகளின் எண்ணிக்கையும் வெற்றுரைகளின் எண்ணிக்கையும்
* எண் புலங்களின் கூட்டுத்தொகை
* உரைப் புலங்களில் மிக நீண்ட மதிப்பின் நீளம்
* மூலத்தில் இருந்து கோப்பில் இல்லாத பதிவுகள், கோப்பில் இருந்து மூலத்தில் இல்லாத பதிவுகள்

கோப்புடன் ஒரு சிறு விளக்கக் கோப்பையும் வைப்பது வழக்கம். குறியேற்றம், பிரிகுறி, இன்மை மதிப்பை எழுதிய முறை, ஒவ்வொரு புலத்தின் பொருளும் வகையும், ஏற்றுமதி செய்த நாள், பதிவுகளின் எண்ணிக்கை ஆகியன அதில் இடம்பெறும். தரவுத்தள மென்பொருள் மாறலாம், மாவட்ட எல்லைகளும் மாறலாம். இவ்விரு கோப்புகளும் இருந்தால் அப்பதிவுகளை ஒரு சாதாரண உரைத்தொகுப்பியைக் கொண்டே படித்தறிய முடியும்.